தோலிலே இருக்கிறது விலை

பழத்தைப் பிழிபவர் சக்கையைக் கொட்டுகிறார். நெல்லை அரைப்பவர் தவிட்டைத் தள்ளுகிறார். கழிக்கப்படும் பொருளுக்கு மதிப்பில்லை என்பது நெடுநாளைய எண்ணம். ஆனால் இத்தாலி நாட்டின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனியா எல்லையை ஒட்டியுள்ள ஒஸ்லாவியா என்ற சிற்றூரில், திராட்சை விவசாயிகள் சிலர் முப்பது ஆண்டுகளாக இதற்கு நேர்மாறான வழியில் செல்கின்றனர். மற்றவர்கள் கொட்டும் தோலை அவர்கள் சாற்றோடு ஊறப் போடுகின்றனர். அந்த ஊறலிலிருந்தே தங்கள் ஊருக்கு ஒரு பெயரையும், தங்கள் விளைச்சலுக்கு ஒரு தனி விலையையும் தேடிக் கொண்டுள்ளனர்.

இத்தாலியத் திராட்சைக்கும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரச் சிறு விவசாயிக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழலாம். தொடர்பு உண்டு. இந்த வட்டாரத்தில் நிலம் ஆண்டுக்காண்டு குறைகிறது. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. பின்னர் வீட்டு மனைகள் திருநின்றவூர், திருமழிசை, வெள்ளவேடு வரை நீண்டன. எஞ்சியிருப்பது அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாகச் சிதறிய நிலங்கள். அவற்றில் விளைவது நெல்லானாலும் கீரையானாலும், அறுத்த அன்றே பிறர் சொல்லும் விலைக்குக் கைமாறுகிறது. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்ற பழமொழி இங்கே பெரிதும் பொருந்தும். சிறு நிலத்தை வைத்துக் கொண்டு பெரிய பண்ணையோடு அளவில் போட்டியிட முடியாது. வேறு எதில் போட்டியிடுவது என்பதற்கு ஒஸ்லாவியா ஒரு விடை தருகிறது.

ஆலங்கட்டி மழைக்குப் பின்

ஒஸ்லாவியாவின் மண் சுண்ணாம்புக் களியும் மணற்கல்லும் கலந்தது. முதல் உலகப் போரில் குண்டுகளால் உழப்பட்ட ஊர் அது. அங்கு வழிவழியாக விளையும் வெள்ளைத் திராட்சை இனம் 'ரிபோல்லா ஜல்லா' என்பது. தடித்த தோலும் அடக்கமான மணமும் உடையது. சாற்றை மட்டும் பிழிந்து ஒயின் செய்தால் சாதாரணச் சரக்காகவே முடியும்.

அவ்வூர் விவசாயிகளுள் யோஷ்கோ கிராவ்னர் என்பவர் முதலில் எல்லோரையும் போலவே நவீன முறையில் இறங்கினார். எஃகுத் தொட்டிகள், பின்னர் சிறிய ஓக் பீப்பாய்கள் என்று முதலீடு செய்து நல்ல பெயரும் பெற்றார். 1987-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா சென்று அங்குள்ள ஆலைகளைப் பார்த்தார். எல்லா ஒயினும் ஒரே அச்சில் வார்த்தது போலிருந்ததைக் கண்டு, தாம் செல்லும் வழி சரியல்ல என்ற முடிவுக்கு வந்தார். 1996-இல் பெய்த ஆலங்கட்டி மழை அவர் தோட்டத்தின் விளைச்சலைப் பெருமளவு அழித்தது. எஞ்சிய ரிபோல்லாவை வைத்துப் பழைய முறைச் சோதனைகளைச் செய்தார். தோலை நீக்காமல், வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காமல் நொதிக்க விட்டார்.

2000-ஆம் ஆண்டில் கருங்கடல் ஓரத்து ஜார்ஜியா நாட்டிற்குச் சென்றார். அங்கு 'க்வெவ்ரி' எனப்படும் பெரிய மண்தாழிகளைக் கழுத்து வரை நிலத்தில் புதைத்து, திராட்சையைத் தோலும் விதையுமாக நொதிக்க வைக்கின்றனர். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்நாட்டில் ஒயின் தயாரிக்கப்பட்டதற்கான தடயங்கள் பானை ஓடுகளில் கிடைத்திருப்பது 2017-இல் வெளியிடப்பட்டது. இந்தத் தாழி முறையை யுனெஸ்கோ 2013-இல் மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. கிராவ்னர் அத்தாழிகளை வரவழைத்துத் தம் ஊரில் புதைத்து, 2001 முதல் அவற்றிலேயே ஒயின் தயாரித்தார்.

அண்டை விவசாயியான ஸ்டான்கோ ராடிகோன் 1995-லேயே ரிபோல்லாவைத் தோலோடு ஊற வைக்கத் தொடங்கியிருந்தார். 2016-இல் அவர் மறைந்த பின் அவர் குடும்பத்தினர் அதே வழியைத் தொடர்கின்றனர். தொடக்கத்தில் இந்த ஒயினைக் கண்ட சுவைஞர்கள் பலர் முகம் சுளித்தனர். வெள்ளை ஒயின் தண்ணீர் போலத் தெளிந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். இதுவோ தேன் நிறத்தில், சற்றுத் துவர்ப்பாக, கலங்கலாக இருந்தது. எனினும் அவர்கள் பின்வாங்கவில்லை. பன்னாட்டுத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பு 2020-இல் தோலோடு ஊறிய வெள்ளை ஒயினைத் தனி வகையாக ஏற்றுக் கொண்டது. ஊரார் சிரித்த பொருளுக்கு உலக அளவில் இலக்கணம் வகுக்கப்பட்டது.

தோலில் என்ன இருக்கிறது?

திராட்சையின் சதையில் இருப்பது பெரும்பாலும் நீரும் சர்க்கரையும் புளிப்பும்தான். நிறமும் துவர்ப்பும் மணத்தின் பெரும் பகுதியும் தோலிலும் தோலை ஒட்டிய படலத்திலும் உள்ளன. சாதாரண வெள்ளை ஒயினில், பழத்தை நசுக்கியவுடன் சாற்றைப் பிரித்துத் தோலை நீக்கி விடுகின்றனர். தோல் போனதும் சாற்றைக் காக்கும் இயற்கைப் பொருள்களும் போய் விடுகின்றன. காற்றுப் பட்டால் சாறு எளிதில் பழுத்துக் கெடும். அதைத் தடுக்கக் கந்தக டை ஆக்சைடு சேர்க்கப்படுகிறது. ஐரோப்பிய விதிப்படி இனிப்பற்ற சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரையும், வெள்ளை ஒயினில் 200 மில்லிகிராம் வரையும் இது இருக்கலாம். தோலோடு நொதிக்கும் சிவப்பு ஒயினுக்குக் குறைந்த வரம்பும், தோலின்றி நொதிக்கும் வெள்ளைக்குக் கூடுதல் வரம்பும் வைக்கப்பட்டிருப்பதே தோலின் காவல் வேலையைக் காட்டும்.

வெள்ளைத் திராட்சையையும் தோலோடு சில நாள் முதல் சில மாதம் வரை ஊற வைத்தால் துவர்ப்புப் பொருள்கள் இறங்கிச் சாற்றைக் காக்கின்றன. ஆகவே கந்தகம் மிகக் குறைவாகவே தேவைப்படுகிறது. சிலர் அறவே சேர்ப்பதில்லை.

நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டும் தோலோடும் பாத்திரத்தோடும் வருவதே. இது நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீரும், தடவாத கலயத்தில் கள்ளும் இறங்குகின்றன. யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் நுண்ணுயிர்களே வேலை செய்கின்றன. அதே வேலைதான் திராட்சைத் தாழியிலும் நடக்கிறது. முதலில் பலவகை ஈஸ்ட்டுகள் கிளம்புகின்றன. சாராயச் சத்து ஏற ஏற வலுக்குறைந்தவை மடிந்து, அதைத் தாங்கக்கூடிய வகை மட்டும் நின்று சர்க்கரையை முடிக்கிறது.

சும்மா விடுவதல்ல இயற்கை முறை

'இயற்கை ஒயின்' என்றவுடன் ஒன்றும் செய்யாமல் விட்டு விடுவது என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. சேர்மானம் குறையும்போது கவனிப்பு கூட வேண்டும்.

முதலாவது, பழம் பழுதற்றதாக இருக்க வேண்டும். வெடித்த பழமும் பூஞ்சாணம் பிடித்த பழமும் ஒரு கூடையில் சிறிதளவு கலந்தாலும் தாழி முழுவதும் கெடும். ஆகவே கொத்து கொத்தாகப் பார்த்துப் பொறுக்குகின்றனர். ஹெக்டேருக்கு 10 டன்னுக்கும் குறைவாகவே விளைச்சலை நிறுத்திக் கொள்கின்றனர். சுமை குறைந்த கொடியில்தான் சர்க்கரையும் மணமும் சேரும்.

இரண்டாவது, தெளிக்கும் மருந்து. அறுவடையை ஒட்டிப் பூஞ்சாணக் கொல்லி தெளித்தால் நோய்ப் பூஞ்சாணத்தோடு தோலில் உள்ள நல்ல ஈஸ்ட்டும் பாதிக்கப்படும். எனவே செம்பு, கந்தகம் ஆகியவற்றைக் கொண்ட பழைய மருந்துகளையே அளவோடு பயன்படுத்துகின்றனர். நம் விவசாயிகள் நன்கறிந்த போர்டோக் கலவையும் 1880-களில் பிரான்சின் போர்டோ ஒயின் வட்டாரத்தில் அடிச்சாம்பல் நோய்க்காக உருவானதே.

மூன்றாவது, நொதிக்கும்போது கிளம்பும் கரியமில வாயு தோலை மேலே தள்ளி ஆடை போல மிதக்க விடும். அதை நாள்தோறும் பல முறை உள்ளே அழுத்த வேண்டும். தவறினால் மேலே காய்ந்த தோலில் காடிக் கிருமி பற்றி, ஒயின் காடியாகி விடும். வெப்பம் 32 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து நொதிப்பு பாதியில் நிற்கலாம். தாழியை மண்ணில் புதைப்பது இதற்காகவே.

நான்காவது பொறுமை. கிராவ்னர் தம் ரிபோல்லாவை ஏறத்தாழ 7 ஆண்டுகள் கழித்தே விற்பனைக்கு அனுப்புகிறார். இவ்வளவு காலம் பணத்தை முடக்க எல்லோராலும் முடியாது. அவர் இம்முயற்சியில் இறங்கியபோது ஏற்கெனவே பெயர் பெற்றவர்; சொந்த நிலமும் வாடிக்கையாளர்களும் இருந்தனர் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே அவரது முறையை அப்படியே பின்பற்றச் சொல்வது பொருந்தாது. விளைச்சலில் ஒரு சிறு பகுதியை மட்டும் ஒதுக்கிச் சோதிப்பதே அறிவுடைமை.

பன்னீர் திராட்சையின் நிலை

தமிழ்நாட்டில் இந்தப் பாடம் நேரடியாகப் பொருந்தும் இடம் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கு விளையும் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் அங்கே ஆனைமலையன்பட்டியில் உள்ளது.

பன்னீரின் உலகப் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. அதன் பெற்றோரில் ஒன்று இத்தாலியின் வடக்கு மலைப் பகுதியில் விளையும் 'ஸ்கியாவா' என்ற இனம். மற்றொன்று 'அலெக்சாண்டிரியா மஸ்கட்' என்ற வெள்ளைத் திராட்சை. இந்த வெள்ளைத் திராட்சையே இத்தாலியின் பாண்டெல்லேரியா தீவில் 'சிபிப்போ' என்ற பெயரில் பயிராகிறது. அங்கு அதைக் குட்டைப் புதராகக் குழிக்குள் வளர்க்கும் முறையை யுனெஸ்கோ 2014-இல் சிறப்பித்தது. ஆக, கோயம்பேட்டில் கூடையில் வந்து இறங்கும் பன்னீருக்கு இத்தாலியில் உறவு முறை உண்டு.

பன்னீர் என்ற பெயர் பெற்ற காரணமும் தோலில்தான் இருக்கிறது. ரோஜாவின் மணத்துக்குக் காரணமான ஜெரானியால் என்ற பொருள் மஸ்கட் இனங்களிலும் உண்டு. அது தோலில் மிகுந்துள்ளது. கறு நிறமும் தோலில் மட்டுமே உள்ளது. தோலை உரித்துப் பிழிந்தால் சாறு வெளிறியே இருக்கும்.

இத்தகைய பழம் பெரும்பாலும் கிலோக் கணக்கில் கைமாறுகிறது. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பது கம்பத்தின் சிறப்பு. ஆனால் பன்னீரின் தோல் மெல்லியது, மழை பெய்தால் வெடிக்கும், நெடுநாள் தாங்காது. பழுத்த கொத்து வியாபாரிக்காகக் காத்திருக்க முடியாது என்பது வியாபாரிக்கும் தெரியும். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது இந்த நிலை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அந்த மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கும் பழ வியாபாரம் மாதவரத்துக்கும் மாறின. விளைந்த பழத்தை வாங்க ஆளின்றி விவசாயிகள் தவித்தனர். பழத்தைப் பழமாக மட்டுமே விற்கத் தெரிந்தவருக்குச் சந்தை ஒரு நாள் மூடினாலும் கதவு முழுவதும் மூடிவிடும். தாழி வைத்திருப்பவருக்கு அப்படியல்ல. பழம் தாழிக்குள் சென்றால் காலம் அவர் பக்கம் வந்து விடுகிறது.

நாசிக் தரும் எச்சரிக்கை

அப்படியானால் கம்பத்தில் ஒயின் திராட்சை நட்டு விட்டால் போதுமா? போதாது என்பதற்கு மராட்டிய மாநிலத்து நாசிக் அனுபவமே சான்று. அம்மாநில அரசு 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழில் கொள்கையை வகுத்து ஒயின் ஆலைகளுக்குச் சலுகைகள் அளித்தது. ஆலைகள் பெருகின. ஒப்பந்தத்தை நம்பி ஏராளமான விவசாயிகள் ஒயினுக்கென்றே உள்ள இனங்களை நட்டனர். 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவை சரிந்து ஆலைகள் கொள்முதலைக் குறைத்தபோது, பலர் அக்கொடிகளைப் பிடுங்கி எறிந்து, உண்ணும் திராட்சைக்கே திரும்பினர். ஒயின் இனம் பழமாக விற்காது. ஆலை கைவிட்டால் வேறு வழியில்லை.

ஒஸ்லாவியாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நாசிக்கில் கொடி விவசாயியிடமும் தொட்டி ஆலையிடமும் இருந்தன. ஒஸ்லாவியாவில் கொடியும் தாழியும் ஒருவரிடமே உள்ளன. அவ்வூர் விவசாயிகள் சிலர் கூடி, ரிபோல்லாவை ஊர்ப் பெயரோடு சேர்த்து அறிமுகப்படுத்தச் சங்கமும் அமைத்துக் கொண்டுள்ளனர். பதப்படுத்தும் பாத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் விலையும் இருக்கும்.

உரிமம் இன்றிச் செய்யக்கூடியது

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பது குற்றம். கள் இறக்குவதும் 1987 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. குடியால் குடும்பங்கள் அழிவதைக் கண்ணால் காணும் மாநிலத்தில் இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. மேலும், மூடிய அறையில் நொதிப்பு நடந்தால் சேரும் கரியமில வாயு உயிரைப் பறிக்கக் கூடியது. வீட்டில் இரகசியமாக முயல்வது எவ்வகையிலும் கூடாது.

ஆனால் தோலின் பயனைச் சாராயம் இல்லாமலும் பெறலாம். பன்னீர்ச் சாறு தயாரிப்பதில் தோலோடு சூடாக்கும் முறை பல்லாண்டுகளாகச் சிபாரிசு செய்யப்பட்டு வருகிறது. நன்கு பழுத்த பழத்தைக் கழுவி, காம்பு நீக்கி, விதை உடையாமல் நசுக்க வேண்டும். நசுக்கியதைத் தோலோடு 60 முதல் 65 டிகிரி வரை 10 முதல் 15 நிமிடம் சூடாக்கினால் நிறமும் மணமும் சாற்றில் இறங்கும். பின்னர் துணியில் வடிகட்டி, குளிர்ந்த இடத்தில் ஓரிரவு வைத்தால் 'டார்டார்' என்ற உப்பு அடியில் படியும். தெளிந்த சாற்றை இறுத்து, சுத்தமான பாட்டில்களில் நிரப்பி மூடி, 85 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். நூறு கிலோ பழத்துக்குச் சுமார் 60 லிட்டர் சாறு எதிர்பார்க்கலாம். நிறமுள்ள சாற்றுக்குக் கந்தகம் சார்ந்த பதப்பொருள் நிறத்தை வெளுக்கச் செய்யும். தேவைப்பட்டால் சோடியம் பென்சோயேட்டைச் சட்ட வரம்புக்குள் சேர்க்கலாம். விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம்.

கம்பத்தின் விவசாயக் குழுக்கள் வெடித்துப் போகும் முன் பழத்தை இவ்வாறு பாட்டிலாக்கினால், மழைக் காலத்தில் வியாபாரியிடம் கெஞ்ச வேண்டிய நிலை குறையும்.

நம் ஊர்த் தோலூறல்: புழுங்கல்

இனி ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு வருவோம். இங்கு திராட்சைப் பந்தல்கள் இல்லை, நெல் உண்டு. திராட்சைக்குத் தோல் எப்படியோ, அரிசிக்குத் தவிடு அப்படி. ஊறலின் அருமை தமிழர் அறியாததல்ல. புழுங்கல் அரிசி என்பதே ஒரு தோலூறல்தான். நெல்லை உமியோடும் தவிட்டோடும் நீரில் ஊற வைத்து, ஆவியில் அவிக்கும்போது, தவிட்டில் உள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் பச்சரிசியைப் போல அவ்வளவும் இழக்கப்படுவதில்லை. ஒஸ்லாவியாக்காரர் தாழியில் செய்வதை நம் பாட்டிமார் அண்டாவில் செய்து வந்தனர்.

கணக்கைப் பார்க்கலாம். 100 கிலோ நெல்லில் உமி சுமார் 20 கிலோ. தவிடு 8 முதல் 10 கிலோ. நன்றாகத் தீட்டிய அரிசி 65 முதல் 68 கிலோ வரை கிடைக்கும். உமியை மட்டும் நீக்கித் தவிட்டோடு விட்டால் 75 கிலோவுக்கு மேல் கிடைக்கும். அதாவது, ஆலையில் தவிடாகக் கழியும் எடை அரிசியின் விலைக்கே விற்பனையாகிறது. அதற்கு மேல், கைக்குத்தல் அரிசியையும் சிவப்பரிசியையும் தேடிச் சென்று கூடுதல் விலை கொடுத்து வாங்கும் குடும்பங்கள் சென்னை நகரில் பெருகியுள்ளன. அந்தக் குடும்பங்கள் பூந்தமல்லியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில்தான் உள்ளன. ஒஸ்லாவியாவுக்குக்கூட வாடிக்கையாளர் இவ்வளவு பக்கத்தில் இல்லை.

இனமும் கையருகே உள்ளது. திருவள்ளூரை அடுத்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.எம். 9 சிவப்பரிசி இரகம். அதன் சிவப்பு முழுவதும் தோலிலேயே உள்ளது. தீட்டினால் சிவப்போடு விலையும் போய் விடும். அதே நிலையத்தின் டி.கே.எம். 6, உலகப் புகழ் பெற்ற ஐ.ஆர். 20 இரகத்துக்குப் பெற்றோராக அமைந்தது. இந்த வட்டாரத்து நெல்லுக்குப் பெருமையாகச் சொல்லிக் கொள்ளக் கூடிய வரலாறு இருக்கிறது. அதைப் பையின் மீது அச்சிட்டு விற்பவர்தான் இல்லை.

இதிலும் கவனிப்பு வேண்டும். குளிர்ந்த நீரில் நெல்லை ஒன்றிரண்டு நாள் ஊற வைத்தால் புளித்த வாடை ஏறும். 70 டிகிரி அளவு வெந்நீரில் 3 முதல் 4 மணி நேரம் ஊற வைத்தால் அந்த வாடை வராது. அவித்த நெல்லை நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு வந்த பின் அரைக்க வேண்டும். உமியை மட்டும் நீக்க ரப்பர் உருளை இயந்திரம் ஏற்றது. தவிட்டில் எண்ணெய் உள்ளதால் தவிட்டோடு கூடிய அரிசி நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே நெல்லாக இருப்பு வைத்து, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்து விற்க வேண்டும். ஒரு முறை கெட்ட சரக்கு போனால் பத்து வாடிக்கையாளர் போய் விடுவர்.

ஏரிக்கரைகளில் எஞ்சியுள்ள பனைகளையும் மறக்கக் கூடாது. தமிழ்நாடு அரசு 2021-இல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்து, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தது. சுண்ணாம்புக் கலயத்தில் இறங்கும் பதநீரையும் கருப்பட்டியையும் ஊர்ப் பெயரோடு விற்பதற்கு வழி இருக்கிறது. ஏறுவதற்கு ஆளும் பயிற்சியும்தான் தேவை.

செய்ய வேண்டியவை

விவசாயிகள் தனித்தனியே இயந்திரம் வாங்க முடியாது. ஐந்தாறு பேர் கூடி, ஓர் அவியல் அண்டாவும் ஒரு சிறு உமி நீக்கும் இயந்திரமும் பொதுவில் வைத்துக் கொள்வது கைக்கு எட்டாததல்ல. முதல் போகத்தில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் இதற்கு ஒதுக்கினால் போதும். மீதியை வழக்கம் போல் விற்கலாம். இலாபம் தெரிந்த பின் பங்கைக் கூட்டலாம். திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.

அரசின் பங்கும் உண்டு. சிறு பதப்படுத்துவோருக்கான திட்டங்கள் பெரும்பாலும் இயந்திரத்துக்கு மானியம் தருவதோடு நின்று விடுகின்றன. சோதனைச் சாலை வசதி, பொதுக் குளிர்பதனக் கிடங்கு, ஊர்ப் பெயரைக் காக்கும் சட்ட உதவி ஆகியவை அதைவிட அவசியம். கம்பத்துக்குக் கிடைத்த புவிசார் குறியீடு கூடையின் மேல் ஒட்டும் தாளாக மட்டும் நின்று விடக் கூடாது. பன்னீர் திராட்சை விவசாயிகளின் கூட்டு நிறுவனங்களுக்கு, கடுமையான கண்காணிப்புடன், சிறிய அளவில் உரிமம் வழங்குவது பற்றியும் எண்ணிப் பார்க்கலாம். அவ்வாறு வழங்கும்போது கொடியும் தாழியும் ஒரே கையில் இருக்கும்படி விதி அமைய வேண்டும்; இல்லையேல் நாசிக் கதையே மீண்டும் நடக்கும்.

மனை விலையோடு எந்தப் பயிரும் போட்டியிட முடியாது என்பது உண்மை. நிலத்தை விற்க முடிவு செய்தவரை அரிசிக் கணக்கு தடுத்து நிறுத்தப் போவதில்லை. ஆனால் விற்க மனமில்லாமல், உழவும் கட்டுப்படியாகாமல் இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவர்களுக்கு ஒஸ்லாவியா சொல்வது இதுதான்: விளைச்சலைக் கூட்ட நிலம் இல்லையென்றால், விளைந்ததில் எதைக் கழிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அடுத்த அறுவடையில் ஆலைக்கு வண்டி கிளம்பும் முன், இரண்டு மூட்டை நெல்லையாவது பின்னால் நிறுத்தி, ஊற வைத்து, அவித்து, தவிட்டோடு விற்றுப் பார்ப்பது நல்லது. தோலிலே இருக்கும் விலை அப்போது கணக்கில் தெரியும்.